வண்டிச் சாமான் கேள்வி பதில்: கட்டிலுக்கடியில் கிடக்கும் ரிம்மை யார் வாங்குவார்?

சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் என் வீட்டுக்காரரின் உதிரிபாகக் கடையில், கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். கடையைக் கைமாற்றிவிட்டோம். கேள்விகள் மட்டும் என்னை விட்டபாடில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: வீட்டில் கிடக்கும் பழைய கார் சாமானை எப்படித் தள்ளிவிடுவது? ஆகவே ஏர்கான் நாற்றமும் கியர்பாக்ஸ் உதறலும் அடுத்த இதழுக்குப் போகின்றன. வீட்டில் தெரியவேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை எடுத்துவிட்டு வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் டொயோட்டா வியோஸுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் பத்து வருட சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. வண்டியில் இப்போது 16 அங்குல ஸ்போர்ட் ரிம் ஓடுகிறது. வண்டியோடு வந்த 15 அங்குல ரிம் நான்கும் கட்டிலுக்கடியில். பழைய முன்விளக்கு ஒரு ஜோடி, கூரைமேல் மாட்டும் கம்பிகள் வேறு இருக்கின்றன. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வெள்ளி என்கிறார்கள். அநியாயமில்லையா அக்கா? (ஈசூன்)

பதில்: அநியாயம் என்று சொல்லமாட்டேன் தம்பி. அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய், கடை வாடகை கொடுக்கும் இடத்தில் அடுக்கி, ஆள் வரும்வரை தூசி தட்ட வேண்டும். ஆனால் உங்களிடம் இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 50 வெள்ளிக்குக் கொடுப்பது சோம்பேறித்தனம்.

முதலில் ஸ்போர்ட் ரிம்மைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கடியில் இருப்பதை வண்டியில் மாட்டுங்கள். பாடி விலை, அதாவது பதிவு ரத்தாகப் போகும் வண்டியின் உடலுக்கான விலை, பேச வரும் வியாபாரிக்கு வண்டி நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும், உருள வேண்டும். அழகான ரிம்முக்கென்று அவர் தனியாகக் காசு தருவது அபூர்வம். அதனால் நல்லது உங்கள் கையில் இருக்கட்டும், பழையது வண்டியோடு போகட்டும். இதை அவர் வண்டியைப் பார்க்க வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு எதையாவது கழற்றினால் சண்டை வரும், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும். இஞ்சின், கியர்பாக்ஸ், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பக்கமே போகாதீர்கள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதை அவர் உங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுத்தான் பாடி விலை சொல்லியிருப்பார்.

தேதியில் கவனம் வேண்டும். பத்து வருடம் முடிவதற்குள் பதிவை ரத்து செய்தால்தான் பார்ஃப் கழிவு, அதாவது பதிவின்போது கட்டிய கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதி, திரும்பக் கிடைக்கும். ரத்து செய்த வண்டி சாலையில் ஓடக்கூடாது. ஒரு மாதத்துக்குள் அனுமதிபெற்ற ஸ்கிராப் யார்டுக்கோ ஏற்றுமதிக்கோ போய்விட்டதற்கான அத்தாட்சியை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குக் காட்டவும் வேண்டும். அதாவது கழற்றுவது, மாட்டுவது, ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போவது எல்லாம் ரத்துக்கு முன்னால்தான். கடைசி வாரத்தில் ஓடிவந்து "ரிம் மாற்றித் தாங்க, நாளைக்கு வண்டி போகுது" என்று நிற்கிறவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி விளக்கு. பின்பக்கம் திருப்புங்கள், வெள்ளை ஒட்டுத்தாளோ அச்சிட்ட எண்ணோ இருக்கும். டொயோட்டாவின் உதிரிபாக எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும், அடுத்த பகுதி எந்த வண்டிக்கு என்று சொல்லும். 81110 என்றால் வலப்பக்க முன்விளக்கு, 81150 இடப்பக்கம். இந்த எண்ணை முழுதாகப் படமெடுத்து விளம்பரத்தில் போடுங்கள். நீங்கள் "வியோஸ் விளக்கு, நல்ல நிலை" என்று எழுதினால் பத்துப் பேர் "என் வண்டிக்கு ஏறுமா?" என்று கேட்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். எண்ணைப் போட்டால் ஒருவர்தான் கேட்பார், அவர் வாங்குவார். பழைய சாமானுக்கு விலை கொடுப்பது அதன் பளபளப்பு இல்லை தம்பி, ஏறும் என்கிற நிச்சயம். இடித்துக்கொண்டவருக்குப் பெரும்பாலும் ஒரு பக்க விளக்குத்தான் தேவைப்படும், அதனால் ஜோடியாகத்தான் கொடுப்பேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

கூரைக் கம்பி எளிது. கம்பி பல வண்டிக்கும் பொருந்தும், அதைப் பிடிக்கும் கால்தான் வண்டிக்கு வண்டி மாறும். காலில் கிட் எண் (எந்த வண்டிக்கான கால் என்று காட்டும் எண்) இருந்தால் அதையும் சாவியையும் சேர்த்துப் படமெடுங்கள். சாவி தொலைந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் பழைய டொயோட்டா விஷ் வண்டியின் ரிம் நான்கையும் ஒரு ஹோண்டா சிவிக் வண்டிக்காரருக்கு விற்றேன். ஐந்து ஓட்டை, 15 அங்குலம், எல்லாம் சொல்லித்தான் விற்றேன். மறுநாள் ஏறவில்லை என்று திரும்பி வந்து காசு கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? (தெம்பனிஸ்)

பதில்: கொடுத்துவிடுங்கள் அண்ணா. ஐந்து ஓட்டை என்பது பாதித் தகவல். அந்த ஐந்து ஓட்டைகளின் மையம் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் எவ்வளவு? அதைத்தான் பிசிடி என்கிறோம். விஷ்ஷுக்கு 100 மி.மீ., அந்தக் காலத்து சிவிக்குக்கு 114.3 மி.மீ. எவ்வளவு முக்கினாலும் ஏறாது.

வீட்டில் ரூலரை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஐந்து ஓட்டை ரிம்மில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். ஏறக்குறைய 59 மி.மீ. வந்தால் பிசிடி 100. 66 வந்தால் 112, அது ஐரோப்பிய வண்டிகளில் பார்ப்பது. 67 வந்தால் 114.3. 66க்கும் 67க்கும் நடுவில் தடுமாறினால் உங்கள் ரூலரை நம்பாமல் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள். நான்கு ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவை அளந்தால் போதும்.

பிசிடி ஒத்துப்போனாலும் வேலை முடியவில்லை. ரிம்மின் நடு ஓட்டை வண்டியின் ஹப்மேல், அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குமிழ்மேல், உட்கார வேண்டும். டொயோட்டாவின் விஷ்ஷுக்கு அது 54.1 மி.மீ. பழைய சுபாரு இம்பிரெசாவுக்கும் பிசிடி 100தான், ஆனால் ஹப் 56.1. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் ரிம் வெளியே நிற்கும். அதே கதைதான் வியோஸுக்கும் ஹோண்டா ஜாஸுக்கும். இரண்டும் நான்கு ஓட்டை, 100 பிசிடி. வியோஸ் ரிம் ஜாஸில் ஏறாது. ஜாஸ் ரிம் வியோஸில் ஏறும், நடுவில் ஒரு வளையம் போட வேண்டும். ஆகவே உங்கள் விஷ் ரிம்மை இன்னொரு விஷ்காரருக்கே விற்கப் பாருங்கள். எந்த வண்டியின் ரிம் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ரிம்மின் கைகளுக்குப் பின்புறம் 15 × 6ஜே, ஈடி 45 என்கிற மாதிரி பொறித்திருக்கும். 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து மாட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ. பழைய பல்தேய்ப்பானால் பிரேக் தூசியைத் தேய்த்தால் தெரியும். முன்பக்கப் படம் ஒன்று, இந்த எண்ணின் படம் ஒன்று, கீறல் இருக்கும் இடத்தின் படம் ஒன்று. கீறலை மறைத்து எடுத்த படத்தை நான் ஒரு நொடியில் கண்டுபிடிப்பேன், வாங்குகிறவரும் அப்படித்தான்.

நட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஹோண்டாவோடு வந்த ரிம்முக்கு அடிப்பக்கம் உருண்டையான நட், வெளியில் வாங்கிய ஸ்போர்ட் ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட். மாற்றிப் போட்டால் முறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும், ஓடும்போது தளரும். இதை வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது உங்கள் கடமை.

கேள்வி: டயரில் பள்ளம் நன்றாகவே இருக்கிறது, 80 விழுக்காடு என்று சொல்லலாம். பக்கவாட்டில் 0916 என்று இருக்கிறது. என்ன விலை போடலாம்? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: விலை போடாதீர்கள். அந்த நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2016ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். சட்டம் பள்ளத்துக்கு 1.6 மி.மீ. ஆழம் கேட்கிறது, சரி. ஆனால் ரப்பர் அந்த வயதில் கல்லாகிப்போயிருக்கும், மழையில் பிரேக் பிடித்தால் தெரியும். அடுத்த தடவை டயர் மாற்றும்போது கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவர் வண்டிச் சாமானாகச் சேர்த்துச் சேர்த்து பாம் ஷெல்டர் அறையின் கதவே மூட முடியவில்லை. இப்போது தாழ்வாரத்தில் டயர் அடுக்கியிருக்கிறார். "இருக்கட்டும், பின்னால் விலை ஏறும்" என்கிறார். ஏறுமா? (செங்காங்)

பதில்: இந்தப் பதிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள் தங்கச்சி.

விலை ஏறாது, இறங்கும். நம் ஊரில் ஒரு மாடல் வண்டி ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வரும். பத்து வருடம் கழித்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாலையை விட்டுப் போகும். சிலர் ஐந்து வருடமோ பத்து வருடமோ புதுப்பிப்பார்கள், அவ்வளவுதான். அந்த அலை போய்விட்டால் உங்கள் வீட்டு பம்பரைக் கேட்க ஊரில் வண்டியே இருக்காது. ஒரு மாடல் சாலையில் நிறைய ஓடி, உத்தரவாதம் தீர்ந்து, ஆனால் சிஓஇ மிச்சமிருக்கும் காலத்தில்தான் பழைய சாமானுக்குக் கிராக்கி. அந்தக் காலத்தில் விற்றவர்கள் பிழைத்தார்கள். டொயோட்டா ஏஇ86 மாதிரி சில வண்டிகளுக்குப் பைத்தியமாக அலைகிறவர்கள் உண்டு, அது வேறு கதை. உங்கள் வீட்டில் இருப்பது அது இல்லை என்று கடிதத்தோடு வந்த படத்திலேயே தெரிகிறது.

தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. டயர் எரிந்தால் வரும் கரும்புகை அண்டை வீட்டுக்காரர் தலையில்தான். மழைச்சாரல் அடித்து உள்ளே தண்ணீர் தங்கினால் ஏடிஸ் கொசு. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது "பின்னால் விலை ஏறும்" என்று அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்குமதியான வண்டியின் ரேடியோ, திரையோடு இருக்கிறது. பார்க்கப் புதுசு மாதிரி. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். (புக்கிட் பாஞ்சாங்)

பதில்: ஒலி 96.8 வானொலி எடுக்கிறதா? அதுதான் பிரச்சினையாக இருக்கும். ஜப்பானில் எஃப்எம் 76இல் தொடங்குகிறது, அங்கத்திய பழைய ரேடியோக்கள் 90உடன் நின்றுவிடும். நம் ஊரில் 87.5இலிருந்து 108 வரை. அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற சின்னப் பெட்டி உங்கள் வண்டியில் ஆன்டெனா கம்பியோடு இருந்திருக்கும். ரேடியோவைக் கழற்றியவர் அதை வண்டியிலேயே விட்டிருப்பார். அதைத் தேடி எடுத்துச் சேர்த்து விற்றால் ஆள் கிடைக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். பல ரேடியோக்கள் பேட்டரி இணைப்பு போனதும் கடவு எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். எண் உங்களிடம் இல்லையென்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. விற்பதற்கு முன் ஓட விட்டு, ஒரு பாட்டு வரும்வரை படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டேஷ்கேம் விற்கிறவர்களும் கேளுங்கள்: எஸ்டி அட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். நீங்கள் தினமும் எங்கே போனீர்கள், காரில் யாரோடு என்ன சண்டை போட்டீர்கள் எல்லாம் அதில் இருக்கும்.

கேள்வி: ஏர்பேக்கோடு ஸ்டீயரிங் வீல் இருக்கிறது, வெடிக்காதது. நல்ல விலை கிடைக்குமாமே? (பொங்கோல்)

பதில்: கிடைக்கலாம். விற்காதீர்கள். உள்ளே இருப்பது வெடிமருந்து. தக்காட்டா ஏர்பேக் விவகாரம் நினைவிருக்கிறதா? அதில் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், அந்த நிறுவனம் 2017இல் திவாலானது. வெப்பமும் ஈரமும் நம் ஊரில் வருடம் முழுக்க. உங்கள் கையில் இருப்பது எந்த ரகம், எத்தனை வருடம் ஸ்டோர் ரூமில் வெந்தது என்று வாங்குகிறவர் எப்படிச் சரிபார்ப்பார்? வீட்டில் வைத்துத் தட்டிப் பார்க்கவும் வேண்டாம், குப்பைக் குழாயில் போடவும் வேண்டாம். அந்த மாடலின் முகவருடைய ஒர்க்‌ஷாப்பில் கேட்டு ஒப்படையுங்கள்.

குழந்தை இருக்கையைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இதே தராசுதான். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு அது சட்டப்படி தேவை என்பதால் வாங்க ஆள் இருக்கும். வண்டி ஒரு தடவை மோதியிருந்தாலும் இருக்கையை விற்காதீர்கள், வெளியே கீறல் இல்லாவிட்டாலும்.

கேள்வி: விலை எப்படி நிர்ணயிப்பது? (தோ பாயோ)

பதில்: மூன்று விலை கேளுங்கள். முகவரிடம் புது ஒரிஜினல் என்ன விலை. உதிரிபாகக் கடையில் தைவான் சாமான் (டிப்போ, டிஒய்சி மாதிரி நிறுவனங்கள் செய்வது) புதுசு என்ன விலை. கரோசெல் இணையச் சந்தையில் அதே பழைய சாமானுக்கு மற்றவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள். கடைசியை நம்பாதீர்கள், விற்காமல் மாதக்கணக்கில் கிடப்பவைதான் அங்கே கண்ணில் படும். நடுவில் இருக்கும் தைவான் விலைதான் உங்கள் விலைக்கு உச்சவரம்பு. புது தைவான் விளக்கு 150 வெள்ளிக்குக் கிடைத்தால் உங்கள் பழைய ஒரிஜினலுக்கு 150 கேட்க முடியாது, ஒரிஜினல் என்று எத்தனை முறை சொன்னாலும்.

"கடைசி விலை என்ன?" என்று முதல் வரியிலேயே கேட்கிறவருக்குப் பதில் எழுதிக் கை வலிக்க வேண்டாம். வண்டி மாடலும் வருடமும் சொல்லிவிட்டு விலை கேட்கிறவரிடம் பத்து வெள்ளி குறையுங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையில் போட்டால் எதுவும் விற்கும். இப்போது அப்படி இடம் இல்லையே? (பிடோக்)

பதில்: இல்லை ஐயா. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது போனது. அங்கே கார்பரேட்டர் வாங்கி ஓட்டியவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். உங்களுக்குக் கைத்தொலைபேசி சரிப்படாவிட்டால் பேரப்பிள்ளையிடம் படமெடுக்கச் சொல்லுங்கள், அல்லது காக்கி புக்கிட், உபி பக்கம் உங்கள் வண்டி மாடலையே அதிகம் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் நேரே போய்க் கேளுங்கள். எல்லா வண்டியும் பார்க்கிற கடையில் கேட்பதில் பயனில்லை. பேட்டரி, பழைய பிரேக் டிஸ்க் என்று எடைக்குப் போகும் சாமான், பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரருக்கு. பழைய இஞ்சின் ஆயில் சாக்கடைக்குப் போகக்கூடாது, ஒர்க்‌ஷாப் டிரம்முக்குத்தான்.

கேள்வி: ரிம் வாங்குவதாகச் சொன்னவர், கூரியர் அனுப்புகிறேன், பணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று அனுப்பினார். வங்கி அட்டை எண் கேட்கிறது. செய்யலாமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: செய்யாதீர்கள்! பணம் கொடுக்கத்தான் அட்டை எண்ணும் ஒருமுறைக் கடவு எண்ணும் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவைக்கு உங்கள் தொலைபேசி எண் போதும். நாலு ரிம்மைப் பார்க்காமலேயே கூரியரில் எடுக்கிறேன் என்கிறவர் ரிம்மை வாங்க வந்தவர் இல்லை. சந்தேகமாக இருந்தால் மோசடி பற்றிக் கேட்கும் உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள். அட்டை எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே வங்கிக்கு அழையுங்கள்.

நேரில் வருகிறவரிடமும் அவர் காட்டும் பேநவ் படத்தைப் பார்த்து ரிம்மைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பணம் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறும்வரை ரிம் உங்கள் தள்ளுவண்டியிலேயே இருக்கட்டும். பகலில், புளோக்குக்குக் கீழே, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில். வீட்டுக்குள் கூப்பிடத் தேவையில்லை.